கலத்தின் வெளிப்புறம்

இரசாயன ஆய்வுகூடத்தின் பின்வாசலை ஒட்டி, தராசு அறையிலிருந்து மிகத் தொலைவில், ஒரு நீண்ட தேக்கு மேசை இருந்தது. அதன் ஒரு முனையைப் பெண்கள் மேசை என்று எல்லோரும் அழைத்தார்கள். யுத்தம் முடிந்து, கொழும்புத் துறைமுகத்தில் போர்க்கப்பல்கள் குறைந்து, அரிசிக் கூப்பன் மட்டும் குறையாதிருந்த காலம் அது. எங்கள் வகுப்பில் பெண்கள் இருவரே. ஒருத்தி நான், வெள்ளவத்தையில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவள். மற்றவள் கொட்டாஞ்சேனைக்காரி, பெரிய கோவில் மேட்டின் சரிவில் வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தவள். ஆண்பிள்ளைகள் எங்களைப் பெயர் சொல்லி அழைக்கக் கூசினார்கள். பஸ் தரிப்பிடங்களைக் கூவுவதுபோல ‘வெள்ளவத்தை’ என்றும் ‘கொட்டாஞ்சேனை’ என்றும் அழைத்தார்கள்.

எங்களுக்குள் அழைத்துக்கொள்வதிலும் ஒரு வேடிக்கை இருந்தது. அவள் என்னை ‘நீங்க’ என்பாள். நான் யாழ்ப்பாணத்து வழக்கப்படி ‘நீர்’ என்பேன். “நீங்க ‘நீர்’னு சொல்லக்குள்ள அரசாங்கக் கச்சேரியில நிக்கிற மாதிரி இருக்கு. என்ன குற்றம் செஞ்சேன்னு யோசிக்க வேண்டியிருக்கு” என்று அவள் ஒருமுறை சொன்னாள்.

எங்கள் விரிவுரையாளர் இந்நாட்டவர். இங்கிலாந்தில் படித்துத் திரும்பியவர். வேட்டி கட்டிய தகப்பனின் மகன் என்றும், வகுப்பில் கைக்குட்டையை நான்காக மடித்தல்லாது வெளியே எடுக்கமாட்டார் என்றும் சொல்வார்கள். பல்கலைக்கழகத் தவணையின் தொடக்கத்தில் ஒருநாள் எங்கள் மேசைக்கு வந்து, வானிலையைப் பற்றிச் சொல்வதுபோல ஆங்கிலத்தில் சொன்னார்: அடுத்த ஆண்டின் சிறப்பு வகுப்புக்கு ஆட்களைத் தெரிவு செய்யப்போகிறார், பௌதிக இரசாயனத்துக்கு நிதானமான கை வேண்டும், பெண்கள் பொதுவாகத் தாவரவியலில் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், அங்கே இடமிருப்பதாக விசாரித்து வைத்திருக்கிறார். ஆயினும் அவர் நியாயமானவர். தவணை முடிவதற்குள் நப்தலீன், அதாவது பூச்சி உருண்டை, எரியும்போது விடும் வெப்பத்துக்கு நாங்கள் காணும் பெறுமானம் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் பிசகாதிருந்தால் இரசாயனத்தில் இருக்கலாம். பிசகினால் தாவரவியலுக்குப் போகவேண்டும்.

அவர் போனபின் அவள் மெதுவாகச் சொன்னாள்: “நப்தலீன்தான் நம்மள காப்பாத்தணும்.”

அந்த நாட்களில் இந்தப் பாடமெல்லாம் எங்களுக்கு ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. அகச்சக்தி என்ற சொல்லைத் தமிழில் நான் கேட்டது பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான். பொருளொன்றினுள் எவ்வளவு சக்தி மொத்தமாக அடங்கியிருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. அது கூடியதா குறைந்ததா, எவ்வளவால் என்று மட்டுமே சொல்லலாம். முதல் நாள் விரிவுரையில் இதைக் கேட்டபோது எனக்குள் ஏற்பட்ட அமைதியை இன்றும் நினைவுகூர முடிகிறது. அறிய முடியாததை ஒதுக்கிவைத்துவிட்டு, அறியக்கூடிய மாற்றத்தைக் கவனமாக அளப்பது ஒரு படிப்பாக இருக்க முடியும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

மாற்றம் இரு வழியில் நிகழும்: வெப்பமாகவும் வேலையாகவும். அளப்பதற்கென எல்லை போட்டு எடுத்துக்கொண்ட தொகுதிக்குள் வந்த வெப்பத்தையும் தொகுதியின்மேல் செய்யப்பட்ட வேலையையும் கூட்டினால் அகச்சக்தியின் மாற்றம். வெப்பமும் வேலையும் போகும் வழியைப் பொறுத்தவை. அவற்றின் கூட்டு அப்படியன்று. இதற்கு உதாரணம் சொல்லும்படி விரிவுரையாளர் கேட்டபோது எழுந்தவள் என் தோழிதான். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் கடற்கரை ரயிலில் வந்து கோட்டையில் இறங்கி நடக்கலாம். பாமன்கடையால் சுற்றி பஸ்ஸிலும் வரலாம். வியர்வையும் கட்டணமும் வேறுபடும். ஆனால் கோவில் மேட்டில் வந்து நிற்கும்போது, கடல் மட்டத்திலிருந்து ஏறிய உயரம் எல்லோருக்கும் ஒன்றே. விரிவுரையாளர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது அவர் பாராட்டும் விதம் என்று பின்னர் அறிந்தோம்.

செய்ய வேண்டிய வேலை சொல்வதற்கு எளிது. குண்டு என்று அழைக்கப்படும் தடித்த, உட்குழிந்த உருக்குப் பாத்திரம் ஒன்று. அதற்குள் நிறுத்தெடுத்த ஒரு கிராம் நப்தலீனை வைத்து, ஒட்சிசன் நிரப்பி, மெல்லிய கம்பியால் தீமூட்டவேண்டும். குண்டின் கனவளவு மாறாது. ஆகவே அங்கே வேலை எதுவும் நிகழாது. வெளியேறும் வெப்பம் முழுவதும் அகச்சக்தியின் இழப்பே. அந்தக் குண்டு ஒரு நீர்க்கலத்துள் அமிழ்ந்திருக்கும். கலம் இன்னொரு பெரிய உறைக்குள் இருக்கும். நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்து, நீரும் கலமும் குண்டும் ஒரு பாகை சூடேற எவ்வளவு வெப்பம் குடிக்கும் என்ற எண்ணால் பெருக்கினால் விடை. அந்த எண் கருவியைச் செய்தவர்கள் இங்கிலாந்திலிருந்து அனுப்பிய அட்டையில் அச்சிடப்பட்டு, சுவரில் ஆணியில் தொங்கியது.

கைநூலும் அங்கிருந்து வந்ததே. நீரைப் பதினெட்டுப் பாகையில் தொடங்குக என்றது அது. எங்கள் குழாய்த் தண்ணீர் அதிகாலையிலும் இருபத்தெட்டுக்குக் குறையாது. ஆகவே காலையில் ஆய்வுகூட உதவியாளர் மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டுவந்து வாசலில் நின்று சிங்களத்தில் கேட்பார்: “அய்ஸ் கேன்னத, மிஸ்?” கொண்டுவரட்டுமா என்று அவர் கேட்பது மரியாதைக்காக. வேண்டாம் என்று சொன்னவர் எவரும் இல்லை. நிறுத்த நீருள்ள கலத்தை ஐஸ் தட்டில் வைத்துக் குளிரவிட்டு, வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து, உறைக்குள் இறக்கி, மூடியை மூடிவிடுவோம். பிறகு கலக்கியைச் சுழற்றிக்கொண்டு, வெப்பநிலை ஓரளவு சீராகும்வரை காத்திருந்து தீமூட்டுவோம்.

எங்கள் விடை குறைவாக வந்தது. கிராமுக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு கலோரி வரவேண்டிய இடத்தில் ஒன்பதாயிரத்து நானூறு. மறுமுறையும் அப்படியே. மற்ற மேசைகளில் எல்லோருக்கும் சரியாகவே வந்தது. புத்தகத்தில் அச்சிட்டதுபோல வந்தது. அதன் இரகசியம் பெரிதன்று. அவர்கள் அதைப் பின்கதவு என்றார்கள். விடையை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, வெப்பமானி எதைக் காட்டியிருக்க வேண்டுமோ அதை எழுதுவார்கள். ஒழுங்கீனம் என்ற எண்ணமே யாருக்கும் இருக்கவில்லை. தலைமுறையாக வந்த வேலைமுறை அது.

பக்கத்து மேசையிலிருந்த யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் எங்களிடம் வந்தான். “வெள்ளவத்தை, உங்கட உருண்டை எரிஞ்சுதோ, இல்லாட்டி பூச்சி திண்டுட்டுதோ?”

“எரிஞ்சது. விடைதான் குறையுது” என்றேன்.

“முன்கதவால போய் ஆர் ஊர் போய்ச் சேர்ந்தவை? பின்கதவு திறந்துதான் கிடக்குது. நான் வேணுமெண்டால் கணக்குப் பண்ணித் தாறன்.”

என் தோழி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “அண்ணே, நீங்க தந்தா நீங்கதான் பாஸ். நாங்க இல்ல.”

அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். நாங்கள் இருவரும் உத்தமிகள் என்று நான் எழுத வரவில்லை. எங்கள் மேசைக்கு மட்டும் விரிவுரையாளர் அடிக்கடி வந்து நின்றார்; நிதானமான கையை அவர் எங்களிடத்தில்தான் பார்க்க விரும்பினார். பின்கதவு எங்களுக்குத் திறந்திருக்கவில்லை என்பதே உண்மைக்கு அருகில் இருக்கும்.

மூன்றாம் முறை முடிந்து கலத்தைத் தூக்கியபோது, உறையின் அடியில் நீர்த்துளிகள் கிடந்தன. இருவரும் பார்த்தோம். நீர் சிந்தியிருக்கிறது. நிறுத்த நீரில் ஒரு பகுதி போய்விட்டால் கணக்கு முழுவதும் பிழை. கலத்தைத் தூக்கிவருவது என் வேலை. கலக்கியைப் பூட்டுவது அவள் வேலை.

“நீங்க தூக்கிட்டு வரக்குள்ள கை ஆடிச்சு” என்றாள்.

“என்ர கை ஆடேல்லை. நீர் கலக்கியைப் பூட்டேக்க தண்ணி தளம்பினது.”

“நான் பூட்டினா தளம்பாது. வீட்டுல அரிக்கன் லாம்புக்கு எண்ணெய் ஊத்துறது நான்தான்.”

அதன்பின் ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பிக்கொண்டோம். விடையைக் கணக்கிடும்போதும் ஆளுக்கொரு தாளில் தனித்தனியே கணக்கிட்டோம். குண்டுக்குள் கண்ட அகச்சக்தி மாற்றத்தைத் திறந்தவெளியில் எரிவதற்கு மாற்றவேண்டும். மூல் என்ற அலகால் எண்ணினால், ஒரு மூல் நப்தலீன் எரியும்போது வாயு இரண்டு மூல் குறைகிறது, ஆகவே வெளிக்காற்று உள்ளே தள்ளி வேலை செய்கிறது, அந்த வேலைக்குச் சமமான சிறிதளவு வெப்பம் கூட வெளிவரும். மூல் ஒன்றுக்கு ஆயிரத்து இருநூறு கலோரி. முழுத் தொகையில் ஆயிரத்தில் ஒன்று. நான் அதை இரண்டுமுறை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் அவள் சொன்னாள்: “வீட்டுக் கூர பறந்து போயிட்டு. நீங்க ஜன்னல் சீலைய மடிச்சுக்கிட்டு இருக்கீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. அவள் கையில்தான் பிழை என்று நான் உறுதியாக நம்பினேன். அவளும் என்னைப் பற்றி அதே உறுதியுடன் இருந்தாள். தாவரவியலுக்குப் போவதைவிட, மற்றவளால் போகநேர்ந்தது என்ற எண்ணத்துடன் போவது கசப்பாக இருக்கும் என்று ரயிலில் வரும்போது நினைத்தேன். வெள்ளவத்தையில் இறங்கும்போது தென்மேற்குக் காற்று கடலைத் தண்டவாளம்வரை தூவிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் எல்லோரும் மேடையில் நின்று அதைக் கழற்றித் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். அதில் பார்க்க வேண்டியதை அன்று நான் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா சேலைப் பெட்டியை வெயிலுக்குக் காட்டுவதற்காகக் காத்திருந்தா. வெயில் வரவில்லை.

“இண்டைக்கும் அந்த உருண்டையைத்தானே எரிச்சனீர்?”

“ஓம் அம்மா.”

“அதை எரிச்சு என்னத்தைக் காணப்போறியள்? சீலைக்குள்ள வைச்சாலாவது பூச்சி வராது.”

“எவ்வளவு சூடு வருது எண்டு பாக்கிறம்.”

“சூட்டுக்கோ பஞ்சம் கொழும்பில?” என்று சொல்லிவிட்டு, கரைந்து சிறுத்துப்போன நப்தலீன் உருண்டைகளை எடுத்து மாற்றத் தொடங்கினா. தாவரவியல் பற்றி நான் வீட்டில் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

தவணையின் கடைசி வாரத்தில் எங்களுக்குக் குண்டு கிடைக்கும் முறை இரண்டு மீதமிருந்தன. முதலாவது நாளில், நான் கலத்தைத் துடைத்து, உறைக்குள் இறக்கி, மூடினேன். அவள் கலக்கியைப் பூட்டினாள். வழக்கம்போலக் காத்திருந்தோம். தீமூட்டும் சாவியில் நான் கை வைத்தபோது அவள் தடுத்தாள்.

“இருங்க. மூடியத் திறங்க. திரும்பி நிறுப்பம்.”

“ஏன்?”

“சிந்தியிருந்தா நிறை குறைஞ்சிருக்கும். உண்மை தெரியட்டும். உங்கட கையா என்ட கையான்னு பாத்துட்டு, அப்புறம் தாவரவியலுக்குப் போவம்.”

அது கோபத்தில் சொன்னது. இருந்தாலும் நியாயமானது. முதலில் நிறுத்தபோது குண்டு கலத்துக்குள் இருக்கவில்லை. ஆகவே குண்டை மெல்ல உயர்த்தி, அதில் ஒட்டிய நீரைக் கலத்துக்குள்ளேயே வடியவிட்டு, கலத்தைப் பெரிய தராசுக்குக் கொண்டுபோனோம். இருவரும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்திருந்தோம். ஒருத்தியை நம்பி மற்றவள் விடுவதாக இல்லை. ஆண்பிள்ளைகள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

தராசின் முள் தப்பான பக்கம் சாய்ந்தது.

அவள் படிக்கற்களைத் திரும்ப வைத்தாள். பிறகு நான் வைத்தேன். நிறை குறையவில்லை. ஒரு கிராமுக்கு மேல் கூடியிருந்தது.

“கூடியிருக்கு” என்றாள். “சிந்தினா கூடுமா?”

கலத்தின் வெளிப்புறத்தில் விரலை வைத்தேன். விரல் நனைந்தது. நான் துடைத்த செம்புக் கலம், மூடிக்குள் இருந்த அந்தச் சிறிது நேரத்தில், புழுங்கும் நெற்றிபோல் மறுபடி வியர்த்திருந்தது.

விளங்கிவிட்டதும் எல்லாம் மிக எளிதாக இருந்தது. கொழும்புக் காற்றில் எப்போதும் நீராவி நிறைந்திருக்கிறது. பதினெட்டுப் பாகைக் கலம் ஒன்றைக் கண்டால் அது அதன்மேல் படிந்துவிடும். தீமூட்டியதும் கலம் சூடேற, படிந்த நீர் மீண்டும் ஆவியாகத் தொடங்கி, போகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஐந்நூற்றைம்பது கலோரிக்கு மேல் வேண்டும். எங்கள் விடையில் இருந்த குறைவு இருநூறு கலோரி. அரைக் கிராமுக்கும் குறைவான நீர் அதற்குப் போதும். உறையின் அடியில் கண்டது நாங்கள் சிந்திய நீரன்று. கலத்தில் படிந்து வழிந்த நீர். இங்கிலாந்தின் காற்றில் இது நேராது. அட்டையில் எண்ணை அச்சிட்டவர்களுக்கும் கைநூலை எழுதியவர்களுக்கும் கலத்தின் வெளிப்புறத்தைப் பற்றிச் சிந்திக்கத் தேவை இருக்கவில்லை. தொகுதி எங்கே முடிகிறது, சூழல் எங்கே தொடங்குகிறது என்று அவர்கள் வரைந்த கோட்டை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். எங்கள் ஊரின் காற்று அந்தக் கோட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

“அப்ப நீங்க சிந்தல்ல” என்றாள்.

“நீரும் சிந்தேல்லை.”

இருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் தன் துணியால் என் நனைந்த விரலைத் துடைத்துவிட்டாள்.

மதிய உணவின்போது வாசற்படியில் அமர்ந்து செய்ய வேண்டியதைப் பேசினோம். குழாய்த் தண்ணீரை அப்படியே எடுத்து, அறையின் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே தொடங்கினால் கலம் வியர்க்காது. ஆனால் அது கைநூலுக்கு விரோதம். ஏன் அப்படிச் செய்தோம் என்று விரிவுரையாளர் கேட்பார். காரணத்தைச் சொன்னால், ஐஸ் வைத்துச் செய்தவர்களுக்கு எப்படிச் சரியான விடை வந்தது என்ற கேள்வி தானாக எழும்.

“சொன்னா எல்லாரும் மாட்டுவாங்க” என்றாள்.

“சொல்லாட்டி நாங்கள் பொட்டனிக்குப் போகோணும்.”

அவள் கையிலிருந்த பாண் துண்டைப் பிய்த்தாள். “கேட்டா சொல்லுவம். கேக்காட்டி நாமளா சொல்லத் தேவையில்ல. மத்தவங்களப் பத்தி நாம ஒண்ணுமே பேசுறதில்ல. கலம் நனையுது, அவ்வளவுதான்.”

அதற்குமேல் நேர்மையான ஏற்பாடு எங்களுக்குத் தோன்றவில்லை.

கடைசி முறையன்று உதவியாளர் சாக்குடன் வந்து வழக்கம்போலக் கேட்டார். “அத எப்பா” என்றேன். இன்று வேண்டாம் என்று. அவர் சாக்கையும் என்னையும் பார்த்தார். பின்னர் ஐஸைப் பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காகக் கதவடியிலேயே நின்றார்.

விரிவுரையாளரும் வந்து நின்றார். நான் நீரை நிறுத்தேன். அவள் கலக்கியைப் பூட்டினாள். தீமூட்டினோம். வெப்பமானியை அவள் வாசிக்க நான் எழுதினேன். பிறகு நான் வாசிக்க அவள் எழுதினாள். வெப்பநிலை ஏறிய கோட்டினை வரைந்து, கம்பியின் வெப்பத்தைக் கழித்து, இருவரும் ஒரே தாளில் கணக்கிட்டோம். அகச்சக்தியின் மாற்றம், கிராமுக்கு: கழித்தல் குறியின் பின்னே ஒன்பதாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு. ஆயிரத்தில் ஒன்றளவே பிசகு. வாயு மூலுக்கான அந்தச் சிறிய திருத்தத்துக்கு இப்போது அர்த்தம் வந்தது. அதைச் செய்யும்போது அவள் ஜன்னல் சீலை பற்றி எதுவும் சொல்லவில்லை.

விரிவுரையாளர் தாளின் அடியைப் பார்க்கவில்லை. மேற்பகுதியைப் பார்த்தார். “தொடங்கிய வெப்பநிலை இருபத்தெட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். கைநூல் பதினெட்டு என்கிறது” என்றார் ஆங்கிலத்தில்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: “பதினெட்டில் கலத்தின் வெளிப்புறம் நனைகிறது, சேர்.”

அவர் பக்கத்து மேசைக்குப் போய், ஐஸ் தட்டிலிருந்த கலத்தை எடுத்து, தம்முடைய நான்காக மடித்த கைக்குட்டையால் துடைத்து, மேசைமேல் வைத்து, பார்த்துக்கொண்டு நின்றார். செம்பின் பளபளப்பு மங்கியது. சிறிது நேரத்தில் ஒரு துளி வழிந்தது. அந்த மேசைக்குரிய யாழ்ப்பாணத்துப் பையன் கூரையைப் பார்த்தான். அவர் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. வகுப்பு முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அதில் தம்மையும் சேர்த்துக்கொண்டதுபோல எனக்குப் பட்டது, ஏனெனில் அந்தக் கைநூலை எங்கள் கைகளில் தந்தவர் அவரே.

“எல்லோரும் மறுபடி செய்வீர்கள். ஐஸ் இல்லாமல்” என்றார். பிறகு எங்களிடம்: “அடுத்த ஆண்டு உங்கள் மேசையைத் தராசு அறைக்குப் பக்கத்தில் போடச் சொல்கிறேன். கலத்தை இவ்வளவு தூரம் சுமக்கவேண்டியதில்லை.”

சிறப்பு வகுப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. தாவரவியல் என்றும் சொல்லவில்லை. அவர் வாசலைத் தாண்டும்வரை நாங்கள் அசையாமல் நின்றோம்.

யாழ்ப்பாணத்துப் பையன் மெல்ல வந்தான். அவன் முகத்தில் கோபம் இருந்தது. ஆனாலும் குண்டுக்கு அடுத்த முறை அவனுடையது. “கொட்டாஞ்சேனை, எந்தக் குழாயில தண்ணி எடுத்தனீங்கள்?”

“முன்கதவுக்குப் பக்கத்துல இருக்கே, அதுல” என்றாள் அவள்.

அன்று மாலை இருவரும் ஒன்றாக வெளியே நடந்தோம். தாவரவியல் கட்டடத்தின் முன்னால் யாரோ நட்டிருந்த செம்பரத்தைகள் மழையில் தலைகுனிந்து நின்றன. அவள் வேலியடியில் நின்று அவற்றை நிதானமாகப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். “அங்க போயிருந்தாலும் சந்தோஷமாத்தான் இருந்திருப்பம் போல.”

“இருந்திருப்பம்” என்றேன். “ஆனால் நீர் சிந்தினீர் எண்டு நினைச்சுக்கொண்டிருந்திருப்பன்.”

அவள் சிரித்தாள். எனக்கு ரயில், அவளுக்கு பஸ். தெருமுனையில் பிரிந்தோம்.